முதலில் வந்தவர் மட்டும்தானா வீரர்?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

எந்தக் கல்லூரியின் விளையாட்டு விழாவை எடுத்துக்கொண்டாலும், மேடையில் மூன்று படிகள் இருக்கும். நடுப்படி உயரம், மற்ற இரண்டும் சற்றுத் தாழ்வு. அந்த மூன்று படிகளில் ஏறியவர்களுக்குக் கைத்தட்டல், கோப்பை, சான்றிதழ், ஆண்டு மலரில் புகைப்படம். நான்காவதாக வந்தவனுக்கு? ஒரு குவளை மோர். நாற்பதாவதாக வந்தவனுக்கு அதுவும் தீர்ந்து போயிருக்கும்.

வென்றவனைப் பாராட்டக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வென்றவன் பாராட்டுக்குரியவன்; அதில் ஐயமில்லை. ஆனால் விளையாட்டு என்பது வென்றவனோடு தொடங்கி வென்றவனோடு முடிந்துவிடுகிறதா என்பதே என் கேள்வி. முதலிடம் பெறாமலேயே முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரு விளையாட்டைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? ஒரு பெயரும் வைக்கவில்லை என்பதே கசப்பான உண்மை.

இதை விளக்க, இங்கிலாந்து நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விளையாட்டைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அது கிராஸ் கண்ட்ரி என்னும் காடுமேடு ஓட்டம். கோடு போட்ட மைதானத்தில் ஓடுவதன்று அது. வயல், மேடு, ஓடை, சேறு, புல்வெளி எல்லாவற்றையும் கடந்து ஓடுவது. அங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் பல ஓட்டச் சங்கங்கள் சேர்ந்து லீக் அமைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் சில சனிக்கிழமைகளில் போட்டி நடத்துகின்றன. அந்த லீக்குகளில் நெடுநாள் தொண்டு செய்யும் உறுப்பினர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, விளையாட்டைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணமே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று எனக்குப் பட்டது.

கடுதாசி தூவிய முயல்கள்

இந்த ஓட்டத்தின் பிறப்பே சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷ்ரூஸ்பரி, ரக்பி முதலிய பள்ளிகளின் மாணவர்கள் ஒரு விளையாட்டு விளையாடினர். இரண்டொருவர் முயல்களாகி, பையில் கடுதாசித் துண்டுகளை நிரப்பிக்கொண்டு முன்னே ஓடுவார்கள். வழியெல்லாம் அவற்றைத் தூவிச் செல்வார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்களாகி, அந்தத் துண்டுகளைப் பார்த்துத் தடம் பிடித்துத் துரத்துவார்கள். முயல் வேட்டைக்குப் பழக்கிய நாய்க்கு ஆங்கிலத்தில் ஹாரியர் என்று பெயர். அதனால்தான் இன்றளவும் அந்நாட்டு ஓட்டச் சங்கங்கள் பலவற்றின் பெயர் ‘ஹாரியர்ஸ்’ என்று முடிகிறது.

1868-இல் இலண்டனில் தேம்ஸ் ஆற்றில் படகு வலித்துப் பழகிய இளைஞர்கள், குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க வேண்டி ‘தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. நாடு தழுவிய முதல் போட்டியை 1876-இல் எப்பிங் காட்டில் நடத்தினார்கள். நடந்தது என்ன தெரியுமா? ஓடிய முப்பத்திரண்டு பேரும் வழி தவறிவிட்டார்கள்! போட்டி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு, 1877-இல் நடந்ததே முதல் போட்டியாகக் கணக்கில் ஏறியது.

நண்பர்களே, இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். முப்பத்திரண்டு பேரின் கால்களில் வலு இருந்தது. நெஞ்சில் மூச்சு இருந்தது. முதலில் வர வேண்டும் என்ற வேட்கையும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வழி தெளிவாக இல்லை. கொடி நட்டவனும், திருப்பத்தில் நின்று ‘இப்படிப் போ’ என்று கை காட்டுபவனும் இல்லையென்றால், உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரனும் காட்டில் வழி தவறிய ஆடுதான்.

இது பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு இன்னொரு செய்தி சொல்கிறேன். ஜிம் ஆல்டர் என்பவர் செங்கல் அடுக்கிச் சுவர் கட்டும் கொத்தனார். வடகிழக்கு இங்கிலாந்தின் மார்பெத் ஹாரியர்ஸ் சங்கத்து ஓட்டக்காரர். ஸ்காட்லாந்து நாட்டுக்காக ஓடியவர். 1966-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியின் மாரத்தானில் அவர் முன்னணியில் ஓடிவந்தார். அரங்கத்தை நெருங்கும்போது வழி காட்ட வேண்டிய அலுவலர்கள் தம் இடத்தில் இல்லை. ஆல்டர் தவறான வழியில் போய்விட்டார். திரும்பி அரங்கத்துக்குள் வந்தபோது இங்கிலாந்தின் பில் ஆட்காக்ஸ் அவருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தார். ஆல்டர் எப்படியோ எட்டிப் பிடித்துத் தங்கத்தை வென்றார். இருபத்தாறு மைல் ஓடி வந்த உழைப்பு, ஒரு திருப்பத்தில் நிற்க வேண்டிய மனிதன் நிற்காததால் பறிபோக இருந்தது. ஓடுகிறவனுக்கு எவ்வளவு மதிப்போ, நிற்கிறவனுக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆறு பேர் சேர்ந்த கணக்கு

காடுமேடு ஓட்டத்தின் வெற்றியைக் கணக்கிடும் முறை நம் மைதான முறையிலிருந்து வேறுபட்டது. ஒரு சங்கத்தின் சார்பில் எத்தனை பேர் ஓடினாலும், முதலில் வரும் ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தச் சங்கத்துக்குக் குறைவோ அதுவே வென்றது. ஆறு என்பது லீக்குக்கு லீக் மாறும். சர்ரே லீக்கில் ஆடவர் பத்துப் பேரைக் கணக்கில் எடுப்பார்கள்.

ஒரு எடுத்துக்காட்டுப் போடுவோம். ‘அ’ என்னும் சங்கத்தார் 1, 2, 3, 40, 80, 90 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 216. ‘ஆ’ என்னும் சங்கத்தில் முதல் பத்து இடங்களில் ஒருவரும் இல்லை. 20, 24, 28, 31, 35, 38 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 176. வென்றது ‘ஆ’ தான்! மூன்று பதக்கங்களையும் அள்ளிய சங்கம் தோற்றுப்போனது. முப்பத்தெட்டாவதாக வந்தவன் தன் சங்கத்தை வெல்ல வைத்தான்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ‘ஆ’ சங்கத்தின் ஏழாவது ஆள் கணக்கில் வரமாட்டான். ஆனால் அவன் எதிர்ச் சங்கத்தின் ஆறாவது ஆளுக்கு ஒரு அடி முன்னே வந்துவிட்டால், அந்த எதிரியின் இடம் ஒன்று பின்னுக்குப் போகும். தன் பெயருக்கு ஒரு புள்ளியும் சேராமலே அவன் தன் சங்கத்துக்கு உதவி செய்துவிடுகிறான். ஆகவே இந்த ஓட்டத்தில் யாரும் வீணன் இல்லை. ‘நீ எப்படியும் ஜெயிக்கப் போவதில்லை, எதற்கடா ஓடுகிறாய்?’ என்று ஒருவனைப் பார்த்துக் கேட்க இங்கே இடமே இல்லை.

நான் இந்த மூன்றாண்டுகளாக நம் கல்லூரியின் காடுமேடு ஓட்டத்தில் ஓடுகிறவன். இருபதாவது இடத்துக்கு முன்னால் ஒரு தடவையும் வந்ததில்லை. ஆகவே மேற்படி கேள்வியை நான் பலமுறை கேட்டவன். அதாவது, என்னை நோக்கிப் பிறர் கேட்கக் கேட்டவன். அந்தக் கேள்விக்குரிய விடை இந்தக் கூட்டல் கணக்கில் இருக்கிறது.

வடகிழக்கின் ஹாரியர் லீக்

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதி நம் கோவையையும் நெய்வேலியையும் சேர்த்து வைத்தாற்போன்றது என்று சொல்லலாம். நிலக்கரிச் சுரங்கங்கள், இரும்பாலைகள், டைன் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளங்கள் என்று உழைப்பாளிகள் நிறைந்த மண். அந்த மண்ணில் சண்டர்லாந்து ஹாரியர்ஸ் 1883-இலும், எல்ஸ்விக் ஹாரியர்ஸ் 1889-இலும், மார்பெத் ஹாரியர்ஸ் 1890-இலும், கேட்ஸ்ஹெட் ஹாரியர்ஸ் 1904-இலும் தோன்றின.

பிறகு நடந்ததை வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் கவனிக்கிறேன். கான்செட் ஊரின் இரும்பாலை 1980-இல் மூடப்பட்டது. டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. ஊருக்குச் சோறு போட்ட தொழில்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஆனால் ஓட்டச் சங்கங்கள் போகவில்லை. மேலே சொன்ன நான்கும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாளி வைத்த ஆலை மூடியது. உறுப்பினர் தம் சந்தாப் பணத்திலும் ஓய்வு நேரத்திலும் வளர்த்த சங்கம் நிலைத்தது. இதில் நமக்கு ஒரு பாடம் இல்லையா?

அப்பகுதியில் நடக்கும் வடகிழக்கு ஹாரியர் லீக்கில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட மாட்டார்கள். ஓட்டக்காரர்கள் மெதுவான கூட்டம், நடுத்தரக் கூட்டம், வேகமான கூட்டம் என்று மூன்றாகப் பிரிக்கப்படுவார்கள். முதலில் மெதுவான கூட்டம் புறப்படும். சில நிமிடங்கள் கழித்து நடுத்தரம். இன்னும் சில நிமிடங்கள் கழித்து வேகமான கூட்டம். மெதுவான கூட்டத்தில் புறப்பட்டு முன்னணியில் வந்துவிட்டால், அடுத்த போட்டியிலிருந்து மேற்கூட்டத்துக்கு உயர்த்திவிடுவார்கள். சலுகை பறிபோகும், கௌரவம் கூடும்.

இதன் விளைவைக் கற்பனை செய்து பாருங்கள். அறுபது வயதுப் பெரியவர் முன்னே சேற்றில் கால் வைத்து ஓடிக்கொண்டிருக்கிறார். பின்னால் நாட்டுக்காக ஓடிய இருபத்திரண்டு வயது இளைஞன் துரத்தி வருகிறான். பெரியவருக்கு, இன்னும் எத்தனை கெஜ தூரம் இவனைத் தடுத்து வைக்கலாம் என்ற போட்டி. இளைஞனுக்கு, இத்தனை பேரையும் கடந்தாக வேண்டுமே என்ற போட்டி. இருவரும் ஒரே பந்தயத்தில், ஒரே முடிவுக் கோட்டை நோக்கி, ஒரே கணக்கேட்டில் பெயர் பதிய ஓடுகிறார்கள். வயதில் மூத்தவரை ‘நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்’ என்று நாற்காலி போட்டு ஒதுக்கும் ஏற்பாடன்று இது.

இந்த மண்ணிலிருந்து பெரிய வீரர்களும் எழுந்தார்கள். கேட்ஸ்ஹெட் ஹாரியர்ஸின் பிரெண்டன் ஃபாஸ்டர் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டரில் வெண்கலம் பெற்றார். எல்ஸ்விக் ஹாரியர்ஸின் மைக் மெக்லியாட் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். 1983-இல் உலகக் காடுமேடு ஓட்டப் போட்டியே கேட்ஸ்ஹெட் நகரில் நடந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1981-இல், ஃபாஸ்டர் முன்னின்று தொடங்கிய ‘கிரேட் நார்த் ரன்’ என்னும் சாலை ஓட்டம் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் இந்த மலைமுகடுகளைத் தாங்கி நிற்பது எது? அடிவாரத்துச் சாதாரண மண்தான். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சங்கத்து உறுப்பினர்கள்தான்.

உழைக்கும் கைகள்

லீக் போட்டி ஒன்று நடக்க என்னென்ன வேண்டும்? நில உரிமையாளரிடமோ நகர மன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். எந்த வயலில் மழைக்குப் பின் நீர் தேங்கும், எந்த வேலியில் இடைவெளி உண்டு என்று அறிந்தவர் பாதை வகுக்க வேண்டும். விடியற்காலையில் போய்க் கொடி நட வேண்டும். கயிறோ நாடாவோ கட்ட வேண்டும். திருப்பந்தோறும் ஆள் நிற்க வேண்டும். முதலுதவிக்கு ஏற்பாடு வேண்டும். ஓடி வந்தவர்கள் குடிக்கச் சூடான தேநீர் வேண்டும்.

முடிவுக் கோட்டின் வேலையோ தனிக் கலை. நம் ஊர்த் திரையரங்கில் சீட்டு வாங்க நிற்கும் கம்பித் தடுப்பைப் போல, வாய் அகன்று போகப்போகக் குறுகும் பாதை ஒன்றைக் கயிற்றால் அமைப்பார்கள். வந்த வரிசை மாறாமல் ஒருவர் பின் ஒருவராக அதனுள் நடக்க வேண்டும். வழக்கமான முறையில், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். வேறொருவர் மார்பிலுள்ள எண்ணை எழுதுவார். கடைசியில் நிற்பவர் இட எண் பொறித்த வில்லையைக் கையில் கொடுப்பார். அதைக் கொண்டுபோய்த் தன் சங்கச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சிரைக்க வந்து விழும் அந்தச் சில நிமிடங்களில், மழையில் நனைந்த தாளில், விறைத்த விரல்களால், ஒரு எண்ணும் பிசகாமல் எழுத வேண்டும். ஒரு எண் தவறினால் பின்வரும் அத்தனை பேர் இடமும் தவறும். ஆறு பேர் கூட்டலும் தவறும். இன்று மின்னணுச் சில்லு இந்த வேலையை எளிதாக்கிவிட்டது. ஆனால் கொடி நடுவதற்கும் திருப்பத்தில் நிற்பதற்கும் எந்த இயந்திரமும் வந்துவிடவில்லை.

இவற்றையெல்லாம் செய்பவர் யார்? பெரும்பாலும் ஒரு காலத்தில் தாமே ஓடியவர்கள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த நாளில் வீட்டுக்குப் போகாமல், கொடியைக் கையில் எடுத்தவர்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

புகழின் உச்சியைக் கண்டவர்களிலும் இந்த மனப்பாங்கு உடையோர் உண்டு. சிட்னி வுடர்சன் என்பவர் மூக்குக் கண்ணாடி அணிந்த, ஒல்லியான, குள்ளமான வழக்கறிஞர். 1937-இல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 6.4 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். உலகப் போரும் கடும் நோயும் குறுக்கிட்டன. ஆனாலும் 1946-இல் ஐரோப்பிய ஐயாயிரம் மீட்டர் போட்டியை வென்றார். பின், 1948-இல், சேறும் மேடும் நிறைந்த இங்கிலாந்தின் தேசியக் காடுமேடு ஓட்டத்தில் முதல்வராக வந்தார். பிளாக்ஹீத் ஹாரியர்ஸ் என்னும் தம் சங்கத்தின் சட்டையை அணிந்து சேற்றில் இறங்க உலகச் சாதனையாளர் வெட்கப்படவில்லை.

ஜாய்ஸ் ஸ்மித் என்னும் அம்மையார் 1972-இல் பன்னாட்டுக் காடுமேடு ஓட்டத்தில் மகளிர் பிரிவில் வென்றவர். 1981-இல் முதன்முதலாக இலண்டன் மாரத்தான் நடந்தபோது மகளிரில் முதலாவதாக வந்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 43. இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கிலாந்தில் ஆடவர் தேசிய ஓட்டம் தொடங்கி ஐம்பதாண்டு கழித்து, 1927-இல்தான் மகளிர்க்கு அப்படி ஒரு போட்டி ஏற்பட்டது. உலகப் போட்டியில் மூத்தோர் பிரிவு மகளிரும் ஆடவருக்குச் சமமாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடியது 2017-இல் தான். அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்த பெண்கள்தாம் கடைசியில் அந்த இடைவெளியை மூடினார்கள். நம் கல்லூரி மாணவியர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ரான் ஹில் என்னும் துணித் தொழில் வேதியியல் அறிஞர் 1966, 1968 ஆண்டுகளில் தேசியக் காடுமேடு ஓட்டத்தை வென்றவர். 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை ஒருநாள் கூட விடாமல், நாளுக்கு ஒரு மைலாவது ஓடினார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! காலில் அறுவை சிகிச்சை நடந்த பின்னும் ஊன்றுகோல் துணையோடு அந்த ஒரு மைலைக் கடந்தார் என்று படிக்கிறோம். நெஞ்சில் வலி வந்த பிறகுதான் நிறுத்தினார். இதை வியக்கிறேன், ஆனால் பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் அன்றோ? நெடுநாள் தொண்டு என்பது உடலை வதைத்துக்கொள்வது ஆகாது. ஓட முடிந்தவரை ஓடுவது. முடியாதபோது கொடி பிடிப்பது. அதுவும் முடியாதபோது அடுத்தவனுக்குக் கற்றுக் கொடுப்பது. இதுவே நான் போற்றும் முறை.

நாற்காலியும் சேறும்

இதுவரை சொன்னதைக் கேட்ட என் வகுப்புத் தோழன் ஒருவன், ‘நெடுநாள் பணியாளர் என்று நீ புகழ்கிறாய். நம் நாட்டு விளையாட்டுச் சங்கங்களில் இருபதாண்டு, முப்பதாண்டு தலைவராக ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் நெடுநாள் பணியாளர்தானே? அவர்களையும் புகழ்வாயா?’ என்று கேட்டான்.

நல்ல கேள்வி. ஆனால் பதவியில் நீடிப்பதும் பணியில் நீடிப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு: அவருடைய செருப்பைப் பாருங்கள். சேறு ஒட்டியிருந்தால் பணி. மெருகு பளபளத்தால் பதவி. காலை ஆறு மணிக்குக் கொடி நடப் போகும் வேலைக்கு யாரும் போட்டி போட்டுத் தேர்தலில் நிற்பதில்லை. அந்த வேலையை ஒருவர் முப்பதாண்டு செய்தால் இளைஞரின் வழியை அடைக்கிறார் என்று பொருளன்று. இளைஞர் யாரும் வரவில்லை என்று பொருள்.

உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கணக்கெழுதும் பெரியவர் ஒருவர் மறைந்தால், அவர் தலைக்குள் இருந்த நாற்பதாண்டு அறிவும் அவரோடு போய்விடுகிறது. கொரோனா நோயின்போது இங்கிலாந்தில் லீக் போட்டிகள் நின்றன. 2021-ஆம் ஆண்டின் தேசியக் காடுமேடு ஓட்டமும் நடக்கவில்லை. ஓராண்டு அறுந்துபோன ஒரு பழக்கத்தை மறுபடி முடிச்சுப் போட வேண்டுமானால், முன்பு செய்தறிந்த கைகள் வேண்டும். அந்தக் கைகள் இருந்ததால்தான் மீண்டும் போட்டிகள் தொடங்கின. அக்கைகள் ஓய்வதற்குள் இளங்கைகள் பழக வேண்டாமா?

இன்னொரு மறுப்பும் உண்டு. ‘அது பணக்கார நாடு. சனி, ஞாயிறு விடுமுறை, முதுமையில் ஓய்வூதியம். நம் ஊரில் அறுபது வயதுக்காரர் வயலில் ஓடாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கு வேறு ஓட்டம் எதற்கு?’ என்பது அது. இதில் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். உழைத்துக் களைத்தவரைப் பார்த்து ஓடு என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் அங்கேயும் இந்த ஓட்டம் தொடக்கத்தில் செல்வர் பிள்ளைகளின் பொழுதுபோக்குத்தான். உடலுழைப்பாளிகளும் கைத்தொழிலாளிகளும் அமெச்சூர் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியே வைத்திருந்தார்கள். 1880-இல் புதிதாக அமைந்த அமெச்சூர் தடகளச் சங்கம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதன் பிறகே கொத்தனாரும் சுரங்கத் தொழிலாளியும் சங்கம் அமைத்து ஓடினார்கள். வாரம் ஆறு நாள் சுவர் கட்டியவனுக்கும் சேற்றில் ஓடும் அந்த ஒரு மணி நேரம் தனக்கென்று தேவைப்பட்டது. உழைப்பு என்பது பிறர்க்காக ஓடுவது; விளையாட்டு என்பது தனக்காகவும் தோழனுக்காகவும் ஓடுவது. முன்னது இருப்பதால் பின்னது வேண்டாம் என்று ஆகிவிடாது.

பட்டத்துக்குப் பிறகு என்ன?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இன்னும் சில திங்களில் எனக்கு இறுதித் தேர்வு. அதன் பிறகு நான் இக்கல்லூரி மாணவன் அல்லன். கல்லூரிச் சட்டை எனக்கு இல்லை, மைதானம் இல்லை, போட்டி இல்லை. என்னோடு ஓடியவர்களில் மிகச் சிறந்த இரண்டொருவர் இராணுவத்திலோ காவல் துறையிலோ சேர்ந்து ஓடுவார்கள். மற்றவர்கள்? தேர்வாணையப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு உட்கார்ந்துவிடுவோம். இருபத்தோராம் வயதில் நம் விளையாட்டு வாழ்வு முடிந்துவிடுகிறது. மாணவியர்க்கு இன்னும் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அங்கே அதே வயதில் ஒருவன் மூத்தோர் பிரிவில் அடியெடுத்து வைத்து, நாற்பது வயதில் ‘வெடரன்’ பிரிவுக்குப் போய், அதன் பின்னும் ஐந்தைந்து ஆண்டாக வயதுப் பிரிவு ஏறிக்கொண்டே போகிறான்.

நம்மிடையே நெடுநாள் தொண்டர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நம் மைதானத்தில் விளையாட்டு விழாவுக்கு முந்தின இரவு குனிந்து குனிந்து சுண்ணாம்புக் கோடு போடும் மார்க்கர் அண்ணனைப் பாருங்கள். நான் சேர்வதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே அவர் இங்கே கோடு போடுகிறார். எத்தனையோ பேர் அந்தக் கோட்டின்மீது ஓடிப் பதக்கம் பெற்றுப் போய்விட்டார்கள். மேடையில் அவர் பெயரை வாசிக்க நான் கேட்டதில்லை. கோடு கோணலாக இருந்தால் மட்டும்தான் அவர் நினைவு நமக்கு வருகிறது.

ஆகவே கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், மாணவர் பேரவைக்கும் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

ஒன்று: நம் காடுமேடு ஓட்டத்தில் துறைவாரியாக ஆறு பேர் கூட்டல் முறையைக் கொண்டுவர வேண்டும். மாணவியர்க்கு நான்கு பேர் போதும். தமிழ்த் துறையும் வேதியியல் துறையும் ஆறு பேரைத் தேடி அலையட்டும்! அப்போது முப்பத்தெட்டாவதாக வருகிறவனையும் வகுப்பே எழுந்து நின்று கூவி அழைக்கும்.

இரண்டு: ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னாள் மாணவர்களையும் பேராசிரியர்களையும் அழைத்து ஒன்றாக ஓட வேண்டும். மெதுவாக ஓடுவோர் முன்னே புறப்படட்டும். வேகமாக ஓடுவோர் சில நிமிடங்கள் பொறுத்துப் புறப்படட்டும். நம் பேராசிரியர்களைத் துரத்திப் பிடிக்கும் வாய்ப்பை எந்த மாணவன் விடுவான்? எங்களிடம் பிடிபடாமல் போகும் பேராசிரியர்களும் சிலர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மூன்று: உடற்கல்வித் துறையில் ஒரு தடித்த கணக்கேடு வைக்க வேண்டும். முதலில் வந்தவர் பெயரோடு, ஓடி முடித்த ஒவ்வொருவர் பெயரும், கோடு போட்டவர், கொடி நட்டவர், நேரம் பார்த்தவர், தண்ணீர் கொடுத்தவர் பெயரும் ஆண்டுதோறும் அதில் ஏற வேண்டும். இருபதாண்டு கழித்து ஒரு மாணவன் அதைப் புரட்டினால், ஒரே கையெழுத்தையும் ஒரே பெயரையும் பக்கத்துக்குப் பக்கம் காண்பான். அதுவே அவருக்கு நாம் கட்டும் மணிமண்டபம்.

பதக்கம் வாங்கும் கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்கு முன்னால் கோடு போட்ட கை ஒன்று உண்டு. பின்னால் கணக்கெழுதிய கை ஒன்று உண்டு. 1876-இல் எப்பிங் காட்டில் வழி தவறிய முப்பத்திரண்டு பேரும் நமக்குச் சொல்லிவிட்டுப் போன செய்தி அதுதான். ஓடுவதற்கு ஆயிரம் பேர் இருக்கலாம். திருப்பத்தில் நிற்க ஒருவர் வேண்டும். அடுத்த ஆண்டு இக்கல்லூரிச் சட்டை எனக்கு இல்லாவிட்டாலும், காடுமேடு ஓட்டம் நடக்கும் காலையில் ஏதாவதொரு திருப்பத்தில் நிற்க எனக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டு இதை முடிக்கிறேன். கொடியை நானே கொண்டு வந்துவிடுகிறேன்.